கன் சேஃபுக்குள் எந்த லைட் போடுவது?

கேள்வி சுருக்கமாக இதுதான். அமெரிக்காவில் ஹூஸ்டன் பக்கம் வீடு, கராஜில் 60 அங்குல உயரமுள்ள ஒரு கன் சேஃப், அதாவது துப்பாக்கிகளைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டி. மாமனார் கொடுத்த இரண்டு வேட்டை ரைஃபிள்களும் ஒரு ஷாட்கன்னும் கூடவே இரண்டு கைத்துப்பாக்கிகளும் உள்ளே இருக்கின்றன. கதவைத் திறந்தால் கும்மிருட்டு. ஒரு கையில் ஃபோன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துப்பாக்கியை எடுக்க வேண்டியிருக்கிறது. பேட்டரியில் ஓடும் வட்ட லைட்டுகள் ஆறு வாங்கி ஒட்டுவதா, ரிமோட்டில் நிறம் மாறும் எல்இடி ஸ்ட்ரிப் வாங்குவதா, வயருக்காகப் பின்பக்கம் ஓட்டை போடலாமா? படுக்கையறையில் இருக்கும் சிறு கைத்துப்பாக்கிப் பெட்டிக்கும் இதையே போடலாமா?

முதலில் நேரான பதில். நீங்கள் சொன்ன இரண்டு வகை லைட்டும் வேண்டாம், ஓட்டையும் வேண்டாம். நல்ல தரமான வெள்ளை எல்இடி ஸ்ட்ரிப் ஒன்றைக் கதவுச் சட்டத்துக்கு உட்புறம், இடம் வலம் இரண்டு பக்கமும் செங்குத்தாக ஒட்டுங்கள். 12 வோல்ட் அடாப்டர் சேஃபுக்கு வெளியே இருக்கட்டும். கதவு திறந்தால் எரிந்து மூடினால் அணையும் ஸ்விட்ச் ஒன்று. கூடுதலாக ஒரே ஒரு பேட்டரி லைட். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் கடையில் விற்பவர்கள் சொல்லாத விஷயங்கள்தான் இதில் அதிகம்.

நீங்கள் கேள்வியில் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒரு கையால் துப்பாக்கியை எடுக்கிறேன் என்றீர்கள். நீளத் துப்பாக்கியை இரண்டு கையாலும் எடுக்க வேண்டும். எடுத்ததும் குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, விரலை விசைக்கு வெளியே வைத்து, போல்ட்டை (தோட்டா அறையை மூடும் உலோகத் தண்டு) பின்னால் இழுத்து உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். இந்த நான்கைந்து நொடிகளுக்காகத்தான் சேஃபுக்குள் லைட் போடுகிறோம். கண்காட்சி மாதிரி ஜொலிக்க வேண்டும் என்பதற்காக அல்ல. எந்த லைட், எங்கே, எப்படி என்ற எல்லாக் கேள்விகளையும் இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பதில் தானாகவே வந்துவிடும்.

இரண்டாவது வேலை ஒன்றும் அந்த லைட்டுக்கு உண்டு. அது துரு. ஹூஸ்டன் காற்றில் உள்ள ஈரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துப்பாக்கியில் துரு ஒரே நாளில் பட்டையாக ஏறுவதில்லை. யாரோ வேர்வைக் கையால் ரிசீவரை (போல்ட்டும் விசையும் இருக்கும் நடு உலோகப் பகுதி) தொட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்திருப்பார்கள். சில வாரம் கழித்து அந்த இடத்தில், நீலக் கறுப்பு இரும்பின் மேல், செங்காவி நிறத்தில் மெல்லிய தூள் மாதிரி ஒரு படலம் வரும். கூர்ந்து பார்த்தால் கட்டைவிரல் ரேகை அப்படியே அச்சாகியிருக்கும். அந்த நிலையில் பார்த்துவிட்டால் கொஞ்சம் எண்ணெயும் மென்மையான துணியும் போதும். விட்டுவிட்டால் அடியில் குழி விழுந்துவிடும், அதை மீட்க முடியாது. மாமனார் பல வருடம் வைத்திருந்த ரைஃபிள் என்றால் அந்த இழப்பைப் பணத்தில் ஈடுகட்டவும் முடியாது. ஆகவே அந்தச் செங்காவியைக் காட்டிக் கொடுக்கும் லைட்தான் உங்களுக்கு வேண்டும்.

அப்புறம், எங்கே வைப்பது என்பது. பெரும்பாலானவர்கள் கையை நீட்டிக் கூரையில் ஒரு லைட்டை ஒட்டிவிடுகிறார்கள். சேஃபில் கூரைக்குக் கீழே ஓர் அலமாரித் தட்டு இருக்கும். அந்த வெளிச்சம் முழுவதும் தட்டின் மேலே நின்றுவிடும். கீழே செங்குத்தாக நிற்கும் துப்பாக்கிகளின் முனை மட்டும் கொஞ்சம் தெரியும், ரிசீவரும் கட்டையும் (தோளில் வைக்கும் மரப்பகுதி) இருட்டில்தான் இருக்கும். சரி, பின்சுவரில் ஒட்டலாம் என்றால் அது நேராக உங்கள் கண்ணில் அடிக்கும், துப்பாக்கிகள் கறுப்பு நிழலாகத் தெரியும். கராஜ் கூரை லைட்டை நம்பவும் முடியாது. கதவைத் திறந்து முன்னால் நின்றதும் உங்கள் உடம்பே அதை மறைத்துவிடும்.

மிச்சம் இருப்பது முன்பக்கம்தான். கதவுச் சட்டத்தின் உள்விளிம்பில் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை ஸ்ட்ரிப் ஓடினால், வெளிச்சம் உங்கள் பக்கத்திலிருந்து பின்சுவர் நோக்கிப் போகும். கண்ணில் படாது. உடம்பின் நிழலும் விழாது. ஒவ்வொரு குழலின் மேலும் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும். சாய்வான வெளிச்சத்தில்தான் மேற்பரப்பின் மேடுபள்ளமும் துருப்பொடியும் தெரியும். நேரடியாக அடித்தால் பளபளப்பு அதை மறைத்துவிடும். இதே காரணத்துக்காக ஸ்ட்ரிப்பை வெறுமனே ஒட்டாமல், 45 டிகிரி சாய்ந்த அலுமினியக் குழாய்க்குள் வைத்துப் பால்நிற மூடி போட்டுவிட்டால் இன்னும் நல்லது. வெளிச்சம் போக வேண்டிய திசைக்குப் போகும், துப்பாக்கி முனை உரசினாலும் எல்இடி பிய்ந்து வராது.

மேல் தட்டில் கைத்துப்பாக்கியும் பத்திரங்களும் வைத்திருந்தால், தட்டுக்கு மேலே இருக்கும் சட்டத்தின் மேல்விளிம்பிலும் ஒரு துண்டு ஒட்டுங்கள். தட்டின் முன்விளிம்புக்கு அடியில் இன்னொரு சிறு துண்டு வைத்தால் நடுப்பகுதிக்கும் வெளிச்சம் கிடைக்கும். ஆனால் பக்கவாட்டு இரண்டும்தான் முக்கால்வாசி வேலையைச் செய்யும். மீதியை ஒரு வாரம் பழகிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

வெளிச்சத்தின் தரத்துக்கு வருவோம். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் லூமென் எண்ணை, அதாவது வெளிச்சத்தின் அளவை, பார்த்து யாரும் மயங்க வேண்டாம். பார்க்க வேண்டியது சி.ஆர்.ஐ. என்ற எண். பொருளின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை 100-க்கு மதிப்பிடுவது அது. மலிவான ஸ்ட்ரிப்புகள் 70, 80 என்று இருக்கும். 90-க்கு மேல் வாங்குங்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பொதுவாகச் சொல்லப்படும் சி.ஆர்.ஐ. மங்கலான எட்டு நிறங்களின் சராசரி மட்டுமே, அதில் அடர்சிவப்பு கிடையாது. அடர்சிவப்பைத் தனியாக ஆர்9 என்று அளக்கிறார்கள். துருவின் செங்காவியும் வால்நட் கட்டையின் செம்பழுப்பும் சிவப்பு சார்ந்தவை என்பதால், உங்களுக்கு ஆர்9 முக்கியம். அந்த எண்ணைத் தைரியமாக அச்சடித்திருக்கும் ஸ்ட்ரிப் கிடைத்தால் நாலு டாலர் அதிகம் கொடுத்தாவது அதையே எடுங்கள். 50-க்கு மேல் இருந்தால் நன்று.

நிறவெப்பம் 4000 கெல்வினிலிருந்து 5000 வரை எதுவாகவும் இருக்கலாம். 2700 என்றால் எல்லாமே மஞ்சள் பூசியதுபோல ஆகிவிடும், காவியும் மஞ்சளும் கலந்து துரு ஒளிந்துகொள்ளும். 6500 நீலம் கலந்த வெள்ளை, அதில் இரும்பு அழகாகத் தெரியும், ஆனால் சிவப்பு செத்துப்போகும். நிறம் மாறும் ஸ்ட்ரிப் வேண்டாம் என்று சொன்னதும் இதனால்தான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சேர்த்து அது உண்டாக்கும் வெள்ளை, பார்க்க வெள்ளையாக இருந்தாலும் நிறங்களைச் சரியாகக் காட்டாது. வைஃபையிலோ ஆப்பிலோ கட்டுப்படுத்தும் லைட்டும் வேண்டாம். இரும்புப் பெட்டியை மூடிய பிறகு உள்ளே சிக்னல் சரியாகப் போகாது. தவிர, வீட்டில் சேஃப் எப்போது திறக்கிறது என்ற தகவல் யாருடைய சர்வரிலோ ஏறுவதை நான் விரும்பமாட்டேன்.

எவ்வளவு வெளிச்சம்? உள்பக்கம் முழுவதும் கரும்சாம்பல் கம்பளித்துணி ஒட்டியிருப்பார்கள், அது வெளிச்சத்தைக் குடித்துவிடும். அதனால் வெள்ளைச் சுவர் அலமாரிக்குத் தேவைப்படுவதைவிடக் கூடுதலாக வேண்டும்தான். அதற்காக மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும் ஸ்ட்ரிப் எல்லாம் அதிகம். மீட்டருக்கு 4.8 வாட் வகை தாராளமாகப் போதும். உங்கள் அளவு சேஃபுக்குப் பக்கத்துக்கு 1.4 மீட்டர் வீதம் இரண்டு, மேலே 0.7 மீட்டர், ஆக 3.5 மீட்டர். மொத்தம் கிட்டத்தட்ட 17 வாட். 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் 24 வாட் தரும், அது சுடாமல் ஓடும். கிளாஸ் 2 (குறைந்த மின்சக்தி வகை) என்றும் யு.எல். என்ற பாதுகாப்புச் சோதனை முத்திரையும் போட்ட அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். இடையில் ஒரு சின்ன டிம்மர் வைத்துக்கொண்டால் கண்ணுக்கு இதமான அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது மின்சாரத்தை உள்ளே எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி. உங்கள் சேஃபின் பின்பக்கம், கீழே ஒரு மூலையில் ஏற்கெனவே ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் விற்கும் பெரும்பாலான கன் சேஃபுகளில் ஈரம் போக்கும் சூட்டுக்கம்பிக்காகத் தொழிற்சாலையிலேயே ஒரு சிறிய துளை விட்டு ரப்பர் அடைப்பான் போட்டிருப்பார்கள். உள்ளே கம்பளித்துணி அதை மூடியிருக்கும், விரலால் தடவினால் தெரியும். புது மாடல் என்றால் உள்ளேயே ப்ளக் பாயின்டும் யு.எஸ்.பி.யும் இருக்கலாம். துளை மட்டும்தான் என்றால் அதில் வீட்டு மின்சார ப்ளக் நுழையாது. கோல்டன்ராட் என்ற பிராண்டு சூட்டுக்கம்பிக்கு ப்ளக்கைக் கழற்றி மாட்டும்படி செய்திருப்பதே இதனால்தான். 12 வோல்ட் வயரின் முனையில் இருக்கும் சிறிய உருளை வடிவ ப்ளக் பெரும்பாலும் நுழைந்துவிடும். நுழையவில்லை என்றால் வயரை மட்டும் விட்டு உள்ளே அந்தச் சிறு ப்ளக்கை இணைத்துக்கொள்ளலாம். 120 வோல்ட் வெளியே நின்றுவிடுகிறது, உள்ளே 12 வோல்ட்தான் போகிறது. அடாப்டரின் சூடும் வெளியே. அடாப்டரைத் தரையில் போடாதீர்கள். ஹூஸ்டனில் கராஜ் தரைக்குத் தண்ணீர் வராது என்று 2017 ஹார்வி புயலுக்குப் பிறகு யாரும் சொல்லமாட்டார்கள். சுவரில் இடுப்பு உயரத்தில் மாட்டுங்கள். வயர் நுழைந்த பிறகு மிச்ச இடைவெளியை நெருப்புத் தடுப்புப் பசையால் (ஃபயர் புட்டி) அடைத்துவிடுங்கள்.

ஓட்டையே இல்லாத சேஃப் என்றால் பேட்டரிதான். தயவுசெய்து டிரில் எடுக்காதீர்கள். வெளியே தெரியும் இரும்புத் தகட்டுக்கு உள்ளே நெருப்புத் தடுப்பு ஜிப்சம் பலகை இருக்கிறது. பூட்டைச் சுற்றி டிரில் பிட்டையே உடைக்கும் கடின எஃகும், உள்ளே பொருத்திய கண்ணாடித் தகடு உடைந்தால் கதவை இறுக்கிவிடும் ரீலாக்கர் என்ற அமைப்பும் பல சேஃபுகளில் உண்டு. பின்பக்கம்தானே என்று போட்டாலும் நெருப்புத் தாங்கும் தன்மை அந்த இடத்தில் போய்விடும், உத்தரவாதமும் போய்விடும். கதவு இடுக்கு வழியாகத் தட்டை வயரை விடலாம் என்று சிலர் சொல்கிறார்கள், அதுவும் தப்பு. கதவு விளிம்பில் ஒட்டியிருக்கும் பட்டை, சூடு பட்டால் ஊதிப் பெருத்துப் புகையையும் அனலையும் அடைப்பதற்காக இருப்பது. அதன் மேல் வயர் ஓடினால் அது சரியாக வேலை செய்யாது. வயரும் நாளடைவில் நசுங்கும்.

பேட்டரி லைட் வாங்கினால் பேட்டரி வகையில் மிகக் கவனமாக இருங்கள். லைட்டோடு இலவசமாகத் தரும் ஆல்கலைன் பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கராஜ் சூட்டில், யாரும் பார்க்காத இடத்தில், தீர்ந்துபோன ஆல்கலைன் பேட்டரி கசியும். கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது வால்நட் கட்டையின் மேல் சொட்டுவதை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை பயன்படுத்தும் லித்தியம் ஏஏ பேட்டரி விலை அதிகம், ஆனால் கசிவது மிக அரிது, 60 டிகிரி செல்சியஸ் சூடு வரை தாங்கும், பல வருடம் சும்மா இருந்தாலும் சக்தி பெரிதாகக் குறையாது. லைட்டின் குறிப்பில் இந்த வகைக்குத் தடை இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு நேர்மாறானது லித்தியம் அயான், அதாவது யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஏற்றும் லைட்டுகளில் இருப்பது. அதை வெயில் காலத்துக் கராஜில், தோட்டா இருக்கும் மூடிய பெட்டிக்குள் வைத்துச் சார்ஜ் ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தீப்பிடிப்பது அபூர்வம்தான், ஆனால் பிடித்தால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. உள்ளே பவர் பேங்க் வைத்து ஓட்டுகிறேன் என்பவர்களுக்கும் இதே பதில். கூடவே ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு: இழுக்கும் மின்சாரம் குறைவாக இருந்தால் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும், அடுத்த முறை கதவைத் திறக்கும்போது லைட் எரியாது.

அடாப்டர் போட்ட பிறகும் ஒரு பேட்டரி லைட் இருக்கட்டும் என்றேனே, அதற்குக் காரணம் உங்கள் ஊர். 2021 பிப்ரவரிக் குளிர்ப்புயலும் 2024 ஜூலையில் வந்த பெரில் புயலும் நாள்கணக்கில் மின்சாரத்தைப் பறித்தது நினைவிருக்கும். சேஃபின் எண்பூட்டு தன் சொந்த பேட்டரியில் ஓடுவது, அது திறந்துவிடும். உள்ளே மட்டும் இருட்டாக இருக்கும். மேல் தட்டின் முன்விளிம்பில் கைக்கு எட்டும் இடத்தில், அழுத்தினால் எரியும் ஒன்று போதும். அந்த எண்பூட்டின் பேட்டரி இணைப்பிலிருந்து லைட்டுக்கு வயர் இழுக்கும் யோசனை வந்தால் உடனே கைவிட்டுவிடுங்கள். பேட்டரி தீர்ந்து பூட்டு திறக்காமல் நிற்பதைவிட இருட்டு எவ்வளவோ மேல்.

அடுத்தது ஸ்விட்ச். இந்த இடத்தில்தான் நல்ல செட்டுகள்கூடச் சொதப்புகின்றன. கடையில் கிடைக்கும் சேஃப் லைட்டுகளில் பல ஆள் அசைவை உணர்ந்து எரிபவை. அந்த சென்சார் பார்ப்பது உடம்பின் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. ஆகஸ்ட் மாதம் ஹூஸ்டன் கராஜ் 38, 40 டிகிரிக்குப் போகும்போது அந்த வித்தியாசமே இல்லாமல் போகிறது. கையை ஆட்டி ஆட்டி லைட்டை எழுப்ப வேண்டியிருக்கும். துப்பாக்கியைப் பிடித்தபடி அசையாமல் நின்று ரிசீவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நேரம் முடிந்து அணையவும் செய்யும். கையில் துப்பாக்கி இருக்கும்போது லைட் அணைவது எனக்குப் பிடிக்காத விஷயம். ஏசி போட்ட அறைக்குள் இருக்கும் சேஃப் என்றால் இந்த வகை ஓரளவு பரவாயில்லை.

கதவோடு சேர்ந்த ஸ்விட்ச்தான் சரி. அதில் மூன்று வகை. காந்தத்தால் இயங்கும் ரீட் ஸ்விட்ச் எல்லோருக்கும் தெரிந்தது. வீட்டு அலாரத்துக்கு விற்கும் அந்தச் சின்னத் துண்டை வாங்கி நேராக லைட்டோடு இணைத்துவிடுகிறார்கள். அதில் மூன்று பிரச்சினை. அவற்றில் பல, காந்தம் அருகில் இருக்கும்போதுதான் இணைப்புக் கொடுக்கும், அதாவது கதவு மூடியிருக்கும்போது லைட் எரியும், திறந்தால் அணையும். அடுத்தது, அவை தாங்குவது பெரும்பாலும் அரை ஆம்பியர் அளவுதான். உங்கள் 17 வாட் ஸ்ட்ரிப் இழுப்பது 1.4 ஆம்பியர். சில மாதத்தில் உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள் ஒட்டிக்கொண்டு லைட் அணையாமலே போய்விடும். மூன்றாவது, காந்தத்தை நேராக இரும்பில் ஒட்டினால் அதன் வீச்சு குறையும், இடையில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வைக்க வேண்டும்.

இரண்டாவது வகை, துணி அலமாரிக்குப் போடும் 12 வோல்ட் ஒளி சென்சார். கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பி, கதவில் பட்டுத் திரும்பினால் மூடியிருக்கிறது என்று புரிந்துகொள்ளும். நன்றாக வேலை செய்யும், ஆனால் சேஃப் கதவின் உட்புறமும் கறுப்புத் துணி என்பதால் ஒளி திரும்பாமல் லைட் எரிந்துகொண்டே இருக்கலாம். எதிரே வெள்ளை டேப் ஒரு துண்டு ஒட்டினால் சரியாகிவிடும்.

மூன்றாவது வகை, ஃப்ரிட்ஜ் கதவில் இருப்பது போன்ற அழுத்து ஸ்விட்ச். 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் 3 ஆம்பியர் தாங்கும் என்று எழுதியிருப்பதாக வாங்கி, கீல் பக்கம் வைத்தால் வருடக்கணக்கில் தொந்தரவு இருக்காது. என்னைக் கேட்டால் இதுதான். எலக்ட்ரானிக்ஸ் இல்லை, சும்மா இருக்கும்போது மின்சாரம் இழுப்பதில்லை, கெட்டுப்போனால் கையால் தொட்டே கண்டுபிடிக்கலாம்.

பொருத்தும் வேலையில் பலருக்கு முதல் ஏமாற்றம் காந்தத்தில் வரும். சேஃப் இரும்புதானே, காந்த லைட் ஒட்டிக்கொள்ளும் என்று வாங்குகிறார்கள். உள்சுவரில் கம்பளித்துணி, அதன் பின்னால் ஜிப்சம் பலகை, அதற்கும் பின்னால்தான் இரும்பு. காந்தம் வழுக்கி விழுந்துவிடும். இரட்டைப் பக்க டேப்பும் துணியில் நிற்காது, முதல் கோடையிலேயே கழன்று தொங்கும். அங்கே வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் நேராகத் துணியிலேயே கவ்விக்கொள்ளும், அதற்கு எதிர்த் துண்டு தேவையில்லை. கதவுச் சட்டத்தின் விளிம்பு மட்டும் வெறும் பெயின்ட் அடித்த இரும்பு. அங்கே ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, காயவிட்டு, நல்ல வகை இரட்டைப் பக்க டேப் போட்டால் நிற்கும்.

டேப் போதவில்லை என்று சிலிகான் பசை எடுக்கும் முன் அதன் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாசனை வந்தால் அது உள்ளே வரவே கூடாது. காயும்போது அசெட்டிக் அமிலத்தை வெளியிடும் வகை அது. மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி இரும்பின் மேல்தான் போய்ப் படியும். துருவைப் பார்ப்பதற்காகப் போட்ட லைட்டே துருவுக்குக் காரணமாகிவிடும். வாசனையில்லாத நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள், அதுவும் கதவைத் திறந்து வைத்து முழுக்கக் காயவிட்ட பிறகே துப்பாக்கிகளை உள்ளே வையுங்கள்.

ஒட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று: கதவு திறந்திருக்கும்போதே கைப்பிடியைத் திருப்பிப் பூட்டுத் தண்டுகளை வெளியே தள்ளிப் பாருங்கள். கதவு மூடியதும் அந்தத் தண்டுகள் சட்டத்தின் விளிம்புக்குப் பின்னால் போய் நிற்கும், சரியாக நாம் ஸ்ட்ரிப் ஒட்ட நினைக்கும் இடத்தில். தண்டு எவ்வளவு தூரம் நீள்கிறது, எந்த ஆழத்தில் நிற்கிறது என்று அளந்து, அதற்கு ஓர் அங்குலமாவது பின்னால் தள்ளி அலுமினியக் குழாயை வையுங்கள். இல்லையென்றால் முதல் முறை பூட்டும்போதே தண்டு ஸ்ட்ரிப்பை நசுக்கும். அதைவிட மோசம், ஏதாவது கழன்று தண்டின் வழியில் சிக்கினால் கதவு திறக்காமல் போகலாம். கதவின் உட்புறம் பைகளும் கைத்துப்பாக்கி உறைகளும் தொங்கவிட்டிருந்தால், மூடும்போது அவை எங்கே வருகின்றன என்பதையும் பாருங்கள்.

வயரைத் தொங்கவிடாதீர்கள். ரைஃபிளின் போல்ட் கைப்பிடியும் குழல் முனையில் குறிபார்க்க இருக்கும் புடைப்பும் எதிலும் மாட்டிக்கொள்ளும் வடிவம் கொண்டவை. ஒன்று வயரில் சிக்கி இழுபட்டால் பக்கத்தில் இருப்பது எல்லாம் சரியும், ஸ்கோப் அடிபடும். கம்பளித்துணியின் ஓரத்து மடிப்புக்குள் வயரைச் செருகிவிடலாம். ஸ்ட்ரிப்பை வெட்டும்போது அதில் போட்டிருக்கும் வெட்டுக்கோட்டில் மட்டும் வெட்டுங்கள், 12 வோல்ட் வகையில் பொதுவாக மூன்று எல்இடிக்கு ஒன்று இருக்கும். வெட்டிய துண்டுகளை இணைக்கச் சாலிடர் செய்யுங்கள். கிளிப் இணைப்புகள் கதவு அதிர்வில் தளர்ந்து மினுக்கும்.

லைட் எரிந்தால் உள்ளே சூடாகி ஈரம் போகும் என்று சிலர் நம்புகிறார்கள். கதவு திறந்திருக்கும் சில நிமிடம் மட்டும் எரியும் எல்இடிக்கு அந்த வேலை முடியாது, அந்த வேலையை அதற்குக் கொடுக்கவும் கூடாது. நெருப்புத் தடுப்புக்கு வைத்திருக்கும் ஜிப்சமே தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை வேதிப் பிணைப்பில் வைத்திருப்பது. அதோடு கராஜ் காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே சூட்டுக்கம்பி தனியாக அடியில் 24 மணி நேரமும் இருக்க வேண்டும், கூடவே பத்து டாலருக்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்று. 50 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். துளை ஒன்றுதான் இருக்கிறது, சூட்டுக்கம்பி வயரும் லைட் வயரும் சேர்ந்து போகாது என்ற நிலை வந்தால் யோசிக்காமல் சூட்டுக்கம்பிக்குக் கொடுத்துவிட்டு, லைட்டைப் பேட்டரிக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. பிரகாசமான லைட் போட்ட பிறகு, கராஜ் கதவு திறந்திருக்கும்போது சேஃபைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். இருட்டாக இருந்தபோது இல்லாத பிரச்சினை இது. கராஜ் கதவை இறக்கிவிட்டுத்தான் சேஃபைத் திறப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியின் கடைசியில், படுக்கையறையில் கைத்துப்பாக்கிக்கென்று வைத்திருக்கும் சிறு பெட்டிக்கும் இதே ஸ்ட்ரிப்பைப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதன் தேவை வேறு. நடு இரவில் எழுந்து திறக்கும் பெட்டி அது. இருட்டுக்கு முழுமையாகப் பழக கண்ணுக்கு 20, 30 நிமிடம் ஆகும், பளீரென்ற வெள்ளை வெளிச்சம் ஒரு நொடியில் அதைக் கெடுத்துவிடும். அதன்பிறகு அறையின் மூலையில் நிற்பது யார் என்று தெரியாது. நிற்பது தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். அங்கே பெட்டியின் உட்பக்கத்தை மட்டும் காட்டும் மங்கலான சிவப்பு லைட் ஒன்று போதும். பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு நல்ல கைவிளக்கு வையுங்கள், துப்பாக்கியில் மாட்டும் லைட் அல்ல. ஆளை அடையாளம் காண்பதற்காகத் துப்பாக்கியை ஆளை நோக்கித் திருப்பும் நிலை வரவே கூடாது.

எல்லாம் பொருத்திய பிறகு கதவை மூடினால் லைட் உண்மையிலேயே அணைகிறதா என்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. துப்பாக்கிகளை வெளியே எடுத்துவிட்டு, ஃபோனில் வீடியோ பதிவை ஓடவிட்டு உள்ளே வைத்து, கதவைப் பூட்டாமல் முழுக்கச் சாத்தி, பத்து நொடி கழித்துத் திறந்து வீடியோவைப் பாருங்கள். கதவு சட்டத்தில் போய் உட்காரும் கடைசி அரை அங்குலத்தில் அணைய வேண்டும். அதற்குப் பிறகும் எரிந்தால் ஸ்விட்ச் எட்டவில்லை என்று அர்த்தம், அடியில் ஒரு மெல்லிய தகடு வைத்து முன்னால் தள்ளுங்கள். கதவு பாதி திறந்திருக்கும்போதே அணைந்தால் ஸ்விட்சைச் சற்றுப் பின்னால் நகர்த்துங்கள். இதை ஆகஸ்டில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை செய்து பாருங்கள், கராஜ் சூட்டில் டேப் இளகி ஸ்விட்ச் நகர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.